பன்னிரண்டு போல்ட்டுகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் பெண் எடுத்தவனுக்கு ஆணியின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடிப் பூரத்தன்று ஆண்டாள் தேர் அசைந்து வருவதை ஒரு தடவை பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடிக்கின்றன. கண்களெல்லாம் மேலே இருக்கும் சுவாமியின் மீது. அச்சில் செருகியிருக்கும் கடையாணியை யார் பார்க்கிறார்கள்? அது தன் வேலையைச் செய்யாமற்போகிற அன்றைக்குத்தான் அதைப் பற்றிப் பேச்சு வரும்.

என் மனைவி பிறந்த ஊர் சுந்தரபாண்டியம். கைத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள், ஊரைத் தாண்டினால் வயலும் தென்னந்தோப்பும், மேற்கே மலை. என் மைத்துனர் அங்கே ஒரு பழைய வண்டியை வாங்கி வைத்திருக்கிறார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கச் சேனைக்காகச் செய்த டாட்ஜ் டிரக் அது. யுத்தம் முடிந்ததும் இப்படிப்பட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்று அவற்றுக்குப் பெயர். மேலே கூரை கிடையாது; கித்தான்தான். பிற்காலத்தில் அதை வைத்திருந்த யாரோ ஒருவர் அதற்கு ஒரு 'ரோல் பார்' போட்டிருந்தார். வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்தால், உள்ளே இருப்பவர்களின் தலைக்கும் தரைக்கும் நடுவே நின்று தாங்குகிற கனத்த குழாய் வளைவு அது. நான்கு கால்கள், காலுக்கு மூன்றாகப் பன்னிரண்டு போல்ட்டுகள்.

இந்த வளைவு வெறும் அலங்காரம் அல்ல. ஸ்வீடன் தேசத்தில் டிராக்டர் கவிழ்ந்து குடியானவர்கள் இறப்பது வழக்கமாக இருந்தது. 1959-ல் புது டிராக்டர் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு காப்பு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். சாவுகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தன. பிறகு பல தேசங்கள் அதே வழியில் போயின. ஆனால் காப்பு எவ்வளவு பலமாக இருந்தாலும், அது வண்டியோடு ஒட்டிக்கொண்டிருப்பது போல்ட்டுகளால்தானே?

வர்ணம் அடிப்பதற்காகக் கழற்றிய பன்னிரண்டு போல்ட்டுகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. நான் போயிருந்த அன்று மைத்துனர் கையில் ஒரு புதுப் பொட்டலம் இருந்தது.

"அத்தான், பழசெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பளபளன்னு வாங்கியாந்துட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏத்திக்கிட்டுத் தாணிப்பாறைக்குப் போறோம்" என்றார்.

அந்தப் பிள்ளைகளில் என் பெண்ணும் ஒருத்தி. ஆகவே, "அவசரப்படாதீங்க மாப்பிள்ளை, மேஸ்திரி வந்து பார்க்கட்டும்" என்றேன்.

மேஸ்திரி ராஜபாளையத்துக்காரர். நூல் மில் ஒன்றின் பட்டறையில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக லேத் போட்டவர். அவர் வந்ததும் ஒரு சாக்கை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். அரிசியில் கல் பொறுக்குவது போலப் பிரித்தார். ஏழு போல்ட்டுகளின் தலையில் மூன்று கோடுகள் இருந்தன. நான்கின் தலை மொட்டையாக இருந்தது. கடைசியாக ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். அதில் நட்டு பாதியில் இறுகி நின்றது.

"இது எல்லாமே நாலு நூல் போல்ட்டுதானே மேஸ்திரி?" என்று கேட்டேன்.

நம் பக்கத்துத் தச்சரும் கொல்லரும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 'நூல்' என்பார்கள். நாலு நூல் என்றால் அரை அங்குலம். தறி நெய்கிற ஊரில் நின்று அந்தச் சொல்லை நானும் உபயோகித்து விட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

"கனம் நாலு நூல்தான் ஐயா. மரைதான் வேற" என்றார் அவர். சீப்பு மாதிரிப் பல்லுள்ள ஒரு தகட்டை எடுத்துப் போல்ட்டின் மேல் பொருத்திக் காட்டினார். "போல்ட்டுல அங்குலத்துக்குப் பதின்மூணு மரை, அமெரிக்காக்காரன் கணக்கு. நட்டுல பன்னிரண்டு, இங்கிலீஷ்காரன் கணக்கு. ரெண்டு சுத்துக்கு நல்லாத்தான் ஏறும். அப்புறம் பிடிக்கும். யாரோ நீளமான ஸ்பானரைப் போட்டு முறுக்கியிருக்கான். மரை உள்ளே நொறுங்கிப் போச்சு."

பார்த்தவர்கள், 'எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது!' என்றுதான் நினைத்திருப்பார்கள். இத்தனை வருஷம் அந்த வளைவின் ஒரு கால் இந்தப் பொய் இறுக்கத்தை நம்பி நின்றிருக்கிறது.

பன்னிரண்டா, பதின்மூன்றா என்ற இந்த வழக்கின் வேர் நூற்றெண்பது வருஷத்துக்கு மேல் பழையது. அதற்கு முன் இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரை மாறும். ஒரு பட்டறையின் நட்டு இன்னொன்றின் போல்ட்டில் ஏறாது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் திருத்தமாக மரை வெட்டும் லேத்தைச் செய்தார். அவரிடம் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து, 1841-ல் ஒரே முறையை எல்லோருக்கும் சொன்னார். மரையின் கோணம் 55 பாகை. அரை அங்குலப் போல்ட்டுக்குப் பன்னிரண்டு மரை. அவர் தொழிற்சாலை இருந்தது மான்செஸ்டரில். நம் நாட்டுப் பழைய நூல் மில்களுக்கு யந்திரங்கள் பெரும்பாலும் வந்தது அந்த லங்காஷயர்ச் சீமையிலிருந்துதான். ராஜபாளையம் மேஸ்திரிக்கு விட்வொர்த் மரை கைப்பழக்கமானதில் ஆச்சரியம் இல்லை.

1864-ல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் வேறொரு முறையைச் சொன்னார். கோணம் 60 பாகை. செய்வதும் அளப்பதும் சுலபம். அமெரிக்கா அதை எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், கால் அங்குலத்திலும் மூன்று நூலிலும் இருவருடைய மரை எண்ணிக்கையும் ஒன்றே. அரை அங்குலத்தில் மட்டும் ஒன்று கூடிவிட்டது. ஏமாற்றுவதற்கு ஒன்று போதாதா?

மரை சேராததால் ஒரு நகரமே எரிந்த கதையும் உண்டு. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில் தீப்பிடித்தது. வாஷிங்டன் முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்புப் படைகள் ரயிலேறி ஓடிவந்தன. குழாயைத் தெருக் குழாயில் மாட்டினால் மரை சேரவில்லை! 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. ஆளும் இருந்தார்கள், தண்ணீரும் இருந்தது. இரண்டையும் சேர்க்கும் மரைதான் இல்லை.

இரண்டாவது யுத்தத்தில் நேசப்படைகளுக்கே இந்தச் சங்கடம் வந்தது. அமெரிக்க யந்திரத்துக்குப் பிரிட்டிஷ் நட்டு சேரவில்லை. ஒரே பக்கம் நின்று போரிட்டவர்கள் ஒரே மரைக்கு வர 1948 நவம்பர் ஆயிற்று. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் அப்போதுதான் வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டன.

நம் தேசத்தில் மட்டும் என்ன? 1954-ல் டாடா கம்பெனி ஜெர்மன் டெய்ம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. அது மில்லிமீட்டர்க் கணக்கு. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அது பிரிட்டிஷ் வழி வந்த அங்குலக் கணக்கு. டிஸ்போசல் வண்டிகளோ அமெரிக்கக் கணக்கு. சாலையோர மெக்கானிக் மூன்று தினுசு ஸ்பானர் வைத்துக்கொண்டு மூன்று தேசங்களுக்கும் ஒருவனாகவே ஸ்தானாபதி வேலை பார்த்தான். 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. சென்னைப் பாடியில் 1966-ல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் தொடங்கிற்று. போல்ட்டு செய்வது நமக்கே ஒரு பெரிய தொழிலாயிற்று.

இனி மைத்துனரின் பொட்டலத்துக்கு வருவோம். மேஸ்திரி அதில் ஒன்றை எடுத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தார். எழுத்து ஒன்றும் இல்லை.

"பளபளப்பு இருக்கு. சாட்சிக் கையெழுத்து இல்லையே, முதலாளி" என்றார்.

தலையில் 8.8 என்று இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் அறும் என்பது. அடுத்த எட்டு, அதில் 80 சதவீதம் வரை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்பது. 12 மில்லிமீட்டர்ப் போல்ட்டு ஒன்றே ஏறத்தாழ 7 டன் தாங்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் ஏ2-70 என்று குறித்திருந்தால்கூட, திரும்பும் எல்லை 640-க்குப் பதில் 450-தான்.

"அப்படின்னா 12.9-ன்னு இன்னும் பலமா வாங்கிரலாமே?" என்றார் மைத்துனர்.

"ரொம்ப முறுக்கானது சொல்லாமக் கொள்ளாம ஒடியும் முதலாளி. இது வளைஞ்சாலும் விடக்கூடாது" என்றார் மேஸ்திரி.

போல்ட்டு முளைக்குச்சியைப் போலச் சும்மா நிற்பதல்ல என்பதையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். முறுக்கும்போது அது மயிரிழை நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பில்தான் இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இழுப்பு தளர்ந்தால், குலுங்கும் ஒவ்வொரு தடவையும் போல்ட்டு உலைகிறது. ஒரு நாள் அறுகிறது.

முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி. வண்டி அமெரிக்கன், அசல் கெடாமல் அரை அங்குலமே போட வேண்டும் என்றார் மைத்துனர். மேஸ்திரி துவாரத்தை அளந்தார்: பதின்மூன்றரை மில்லிமீட்டர். அரை அங்குலத்துக்கும் சரி, 12 மில்லிமீட்டருக்கும் சரி. துவாரத்தில் மரையும் இல்லை.

"இந்த வளைவே அசல் இல்லையே முதலாளி. என்ஜின்ல அசலை வச்சுக்குங்க. இதுல, இருபது வருஷம் கழிச்சு எவன் கழட்டினாலும் ராஜபாளையத்துல எந்தக் கடையிலயும் கிடைக்கிறதைப் போடுவோம். போல்ட்டு, நட்டு, வாசர் எல்லாம் ஒரே குடும்பமா இருக்கணும். அம்புட்டுதான்."

அப்படியே ஆயிற்று. 12 மில்லிமீட்டர், 8.8, பன்னிரண்டு. தகடுகள் சேருமிடத்தில் மரை வராமல், மொழுக்கென்ற தண்டு வரும்படி நீளம் பார்த்து வாங்கினார். அடியில் கனத்த தகடு வைத்து, டார்க் ரெஞ்சில் 80 நியூட்டன்-மீட்டருக்கு முறுக்கினார். நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுத்தார். கோடு விலகினால் நட்டு நகர்ந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

வேலை முடிந்து கை கழுவப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். நட்டு இறுகிய அந்த ஒற்றைப் போல்ட்டை மைத்துனர் மறுபடி டப்பாவில் போட்டிருந்தார். மேஸ்திரி அதை எடுத்து, வைஸில் கடித்து, ஹாக்ஸாவால் நிதானமாக இரண்டு துண்டாக அறுத்தார். அதன் பிறகுதான் காபி வேண்டும் என்றார்.