ரப்பர் கையுறை வந்த வழி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போடுபவர் கையிலும், பிரியாணிக் கடையில் பார்சல் கட்டுபவர் கையிலும் இன்று அதே மெல்லிய கையுறைதான். மாட்டிக்கொள்கிறார்கள், வேலை முடிந்ததும் உருவிக் குப்பையில் போடுகிறார்கள். இத்தனை மலிவாகிவிட்ட இந்தப் பொருளின் பயணத்தில் முதலில் வருவது ஒரு சூடான அடுப்பு.

ரப்பர் அமேசான் காட்டு மக்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனபோதுதான் தொல்லை கொடுத்தது. வெயிலில் இளகிப் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்து வெடித்தது. 1839இல் மாசசூசெட்ஸில் சார்லஸ் குட்இயர் கந்தகம் கலந்த ரப்பரைத் தற்செயலாக அடுப்பில் பட விட்டார் என்கிறார்கள். அது உருகி ஓடவில்லை, தோல்போலப் பதப்பட்டது. கையில் காசில்லாத மனிதர்; காப்புரிமை வாங்க 1844 ஆகிவிட்டது. அதற்குள் அவருடைய மாதிரித் துண்டுகள் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கிடம் போய்ச் சேர்ந்தன. அதில் கந்தகம் இருப்பதைக் கண்டுகொண்ட ஹான்காக் முந்திக்கொண்டு 1843இலேயே லண்டனில் விண்ணப்பம் போட்டார். குட்இயர் 1860இல் கடனாளியாகவே இறந்தார்.

அடுத்து மரமே இடம்பெயர்ந்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்கு வந்து ஹேனரத்கொட தோட்டத்தில் வேரூன்றியது. பின்னர் மலாயாவில் காடு காடாக ரப்பர் எழுந்தபோது, அங்கே விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகப் போனவர்கள். கையுறையின் கதையைச் சொல்பவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நியாயமில்லை.

அறுவைக் கையுறை பிறந்த இடம் அமெரிக்காவின் பால்டிமோர். 1889-90 குளிர்காலம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அரங்கில் தலைமைச் செவிலியாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். அன்று அறுவைக்கு முன் கைகளைக் கிருமிநாசினியில் முக்கியெடுப்பது கட்டாயம். அதில் பாதரசக் குளோரைடு என்ற கடுமையான நஞ்சும் இருந்தது. கரோலினின் கைகள் புண்ணாகி, வேலையை விட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டார். அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டுக்கு அவரை இழக்க மனமில்லை. குட்இயர் பெயரைத் தாங்கிய ரப்பர் கம்பெனி ஒன்றுக்கு எழுதி, மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்து தரச் சொன்னார். 1890இல் இருவருக்கும் திருமணமும் நடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கையுறையால் நோயாளியைக் கிருமியிடமிருந்து காப்பது அன்று யாருடைய நோக்கமாகவும் இல்லை. வேதிப்பொருளிடமிருந்து ஒரு பெண்ணின் கைகளைக் காக்கவே அந்தக் கையுறை வந்தது. உதவியாளர்கள் பார்த்துப் பழகினார்கள், பிறகு மருத்துவர்களும் மாட்டினார்கள். ஜோசப் பிளட்குட் என்ற இளம் மருத்துவர் குடலிறக்க அறுவைகளின் கணக்கைப் பார்த்து, கையுறை வந்தபின் சீழ் பிடிப்பது பெருமளவு குறைந்ததை 1899இல் எழுதிக் காட்டினார். கிருமித் தடுப்பு என்பது தற்செயலாகக் கிடைத்த லாபம்.

அந்தக் காலத்துக் கையுறை ஒரு தடவையோடு போகாது. கொதிக்க வைத்து, கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டு மறுபடியும் மாட்டினார்கள். அதைத் தூக்கிப்போடும் பொருளாக்கியவர்கள் பலூன்காரர்கள். மெல்போர்னில் எரிக் அன்செல், டன்லப் கம்பெனி வேண்டாமென்று கழித்த எந்திரத்தை வாங்கி 1905இல் பலூனும் ஆணுறையும் செய்யத் தொடங்கினார். அவர் நிறுவனம்தான் 1960களில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் அறுவைக் கையுறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் நீல் டில்லட்சன் 1931இல் அட்டையைப் பூனைத் தலை வடிவில் வெட்டி ரப்பர் பாலில் தோய்த்துப் பலூன் செய்தார். அவரும் பின்னாளில் கையுறைக்கு வந்தார்.

தோய்க்கும் வித்தை இன்றும் மாறவில்லை. பீங்கான் கைகள் விரல் விரித்தபடி சங்கிலியில் வரிசையாக நகரும். முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு முக்கு. அந்த உப்புதான் பாலை உறைய வைத்துக் கையோடு பிடித்துக்கொள்ளும். பிறகு ரப்பர் பாலில் ஒரு முக்கு. விளிம்பை உருட்டி, கழுவி, சூட்டில் பதப்படுத்தி உரித்தால் ஒரு கையுறை.

1980களில் எய்ட்ஸ் அச்சம் வந்ததும் உலகமே கையுறை கேட்டது. மலேசியா ஆலை ஆலையாகக் கட்டியது. கூடவே ரப்பர் பாலிலுள்ள புரதம் பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பியது. எண்ணெய் படும் இடங்களுக்காக 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் செயற்கை ரப்பர் அப்போது கைகொடுத்தது. நீல நிறத்தில் நாம் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் கையுறை எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை 1996 ஆகஸ்ட் 14 அன்று பெரும் விலை வாங்கியது. டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் நச்சு உலோகங்களை ஆராய்ந்தவர். கவனக்குறைவான ஆள் இல்லை. டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மம் சில துளி, ரப்பர் பாலில் செய்த அவருடைய லேடக்ஸ் கையுறைமேல் விழுந்தது. சுத்தம் செய்தார், கழற்றினார், கை கழுவினார். ஐந்து மாதம் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூன் 8 அன்று 48 வயதில் இறந்தார். பிறகு சோதித்தபோது, அந்தத் திரவம் லேடக்ஸை 15 விநாடிக்குள் ஊடுருவுவது தெரிந்தது. கையுறை கிழியவில்லை, ஓட்டையும் இல்லை. ரப்பருக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டது.

அந்த மரணத்துக்குப் பிறகு, எந்தப் பொருளை எந்தக் கையுறை எத்தனை நிமிடம் தாங்கும் என்ற அட்டவணைகளைப் புரட்டாமல் ஆய்வகங்கள் முடிவெடுப்பதில்லை. நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும், அசிட்டோனிடம் சீக்கிரம் தோற்றுவிடும். அசிட்டோனுக்குப் பியூட்டைல் ரப்பர் வேண்டும். டைமெத்தில் மெர்க்குரிக்கோ பல அடுக்கு பிளாஸ்டிக் படலத்தால் ஆன கையுறை. அது இழுபடாது, விரலோடு ஒட்டி நிற்காது, எளிதில் கிழியவும் செய்யும். ஆகவே அதை உள்ளே மாட்டி, மேலே தடித்த நியோபிரீனில் நீளக் கையுறை ஒன்றையும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.