மலைக்குப் பின்னால் மறையும் சூரியன்: குற்றாலமும் தபரிய்யாவும்

குற்றாலத்தில் மாலை சீக்கிரம் வந்துவிடும். மேற்கே நிற்கும் திரிகூடமலையின் முகட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் அருவிக்கரை நிழலில் ஆழ்ந்துவிடுகிறது. ஆனால் அதே நேரத்தில் கிழக்கே திரும்பிப் பார்த்தால், ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசிக் கோபுரத்தின் உச்சியில் இன்னும் வெயில் இருக்கும். 2015, 2016 ஆண்டுகளைப் போல ரமளான் மாதம் சீசனோடு சேர்ந்து வரும்போது, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு குற்றாலத்தில் அமர்ந்திருப்பவருக்கு இது வெறும் இயற்கைக் காட்சியன்று. சூரியன் மறைந்ததா, மலை மறைத்ததா என்பதில் அவருடைய நோன்பே அடங்கியிருக்கிறது.

இக்கேள்வி நமக்கு முன்னரே வேதம் கொடுக்கப்பட்டோரிடமும் எழுந்தது. அவர்கள் நமக்குத் தொலைவானவர்களும் அல்லர். செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து சென்றால் கொல்லம். கி.பி. 849-இல் வேணாட்டின் அய்யனடிகள் அங்குள்ள தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில் சாட்சிகளாக ஒப்பமிட்டவர்களுள் கூஃபி அரபு எழுத்தில் எழுதிய முஸ்லிம்கள் உண்டு. பஹ்லவி எழுத்தில் எழுதியோரும் உண்டு. பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் எழுதிய யூதர்களும் உண்டு. ஒரே துறைமுகத்தில் வணிகம் செய்த இவர்களில், மாலையானதும் முஸ்லிம்கள் மஃரிபுக்கும், யூதர்கள் தங்கள் அந்திவேளை வழிபாட்டுக்கும் வானத்தையே பார்க்க வேண்டியிருந்தது.

யூதர்கள் நாள்தோறும் காலையிலும் இரவிலும் ஓத வேண்டிய 'ஷெமா', இறைவன் ஒருவனே என்னும் சாட்சியம். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட அவர்களின் சட்டநூலான மிஷ்னா, இரவு ஷெமாவை எப்போதிலிருந்து ஓதலாம் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. ஒரு பெரும் சட்டத்தொகுப்பின் முதல் வரியே வழிபாட்டு நேரத்தைப் பற்றியது என்பதை நினைத்துப் பாருங்கள். தூய்மை நீராடிய குருமார், தமக்குரிய காணிக்கை உணவை உண்ணச் செல்லும் நேரத்திலிருந்து ஓதலாம் என்பது அதற்கான விடை. அது நட்சத்திரங்கள் தோன்றும் நேரம் எனத் தல்மூத் விளக்குகிறது. ஒரு நட்சத்திரம் தெரிந்தால் பகல், இரண்டு தெரிந்தால் அந்தி, மூன்று தெரிந்தால் இரவு என்ற அளவுகோலும் அதில் வருகிறது.

எதுவரை ஓதலாம் என்பதில் கருத்து வேறுபட்டது. முதல் ஜாமம் முடியும்வரை என்றார் ரப்பி எலியேசர். இரவை மூன்று ஜாமங்களாக அவர் பகுத்ததால், அது இரவின் மூன்றில் ஒரு பகுதி. நள்ளிரவு வரை என்றனர் மற்ற அறிஞர்கள். வைகறை வரை என்றார் ரப்பான் கமாலியேல். அவருடைய மகன்கள் விருந்து வீட்டிலிருந்து நேரங்கழித்துத் திரும்பி, இன்னும் ஷெமா ஓதவில்லை என்று கூறியபோது, வைகறை எழவில்லையெனில் ஓதும் கடமை நீங்கவில்லை என்றாராம். இஷாவின் நேரத்தைப் பற்றி நம் மதரஸாக்களில் படித்தவர்கள் இங்கே புன்னகைப்பார்கள். இரவின் மூன்றில் ஒரு பகுதி, நள்ளிரவு, ஃபஜ்ர் என்னும் அதே மூன்று எல்லைகளை நம் ஃபிக்ஹு நூல்களும் பேசுகின்றன.

மலையின் சிக்கலுக்கு வருவோம். தபரிய்யா ஏரிக்கரையில், மலைகளுக்குக் கீழே பள்ளத்தில் அமைந்த ஊர். ஹதீஸ் கலை அறிஞர் இமாம் தபரானீ (ஹிஜ்ரி 260–360) அவர்களின் பெயரில் இருப்பது இந்த ஊர்தான். அதற்கு மேற்கே குன்றின்மீது ஸஃப்பூரிய்யா. 1948-இல் மக்கள் வெளியேற்றப்படும் வரை அது முஸ்லிம் கிராமமாக இருந்தது. தபரிய்யாவில் ஓய்வுநாளைத் தொடங்குவோரோடும் ஸஃப்பூரிய்யாவில் அதை முடிப்போரோடும் தம் பங்கு அமைய வேண்டும் என்று ரப்பி யோசே விரும்பியதாகத் தல்மூத் கூறுகிறது. பள்ளத்தில் முன்னதாகவே இருட்டும், குன்றில் வெளிச்சம் பின்வரை நிற்கும் என்பது உரையாசிரியர் ராஷியின் விளக்கம். புனித நேரத்தை இருபுறமும் நீட்டிக்கொள்ளும் பேணுதல் அது.

நம் ஷரீஅத் இங்கே வேறு பாதையில் செல்கிறது. இரவு கிழக்கிலிருந்து முன்னோக்கி வந்து, பகல் மேற்கே பின்வாங்கி, சூரியனும் மறைந்துவிட்டால் நோன்பாளி நோன்பு திறக்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நோன்பு திறப்பதை யூதர்களும் கிறிஸ்தவர்களும் தாமதப்படுத்துவதைச் சுட்டி, விரைந்து திறப்பதைச் சிறப்பித்துச் சொன்ன ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஆகவே மூன்று நட்சத்திரங்களுக்காக நாம் காத்திருப்பதில்லை. ஆனால் விரைவு என்பது சூரியன் மறைந்தது உறுதியான பிறகுதான். மலையோ கட்டடமோ அடிவானத்தை மறைக்கும் இடத்தில், உயரமான சுவர்களிலும் மலைமுகடுகளிலும் கதிர் எதுவும் எஞ்சாமல், கிழக்கில் இருள் எழுவதே அடையாளம் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதியுள்ளனர். குற்றாலத்தில் நிற்பவர் மேற்கைப் பார்ப்பதை விட்டுக் கிழக்கைப் பார்க்க வேண்டும்.

கணக்கும் இதையே சொல்கிறது. முகடு அடிவானத்திலிருந்து 5 பாகை உயர்ந்து தெரியும் இடத்தில், சூரியன் ஏறக்குறைய 20 நிமிடம் முன்னதாகவே கண்ணிலிருந்து மறைந்துவிடும். அதே மாலையில் கொல்லத்துக் கடற்கரையில், எந்தத் தடையுமின்றி அரபிக்கடலில் சூரியன் அமிழ்வதோ தென்காசியின் உண்மையான மறைவு நேரத்துக்குச் சுமார் 3 நிமிடம் பிந்தித்தான். மலையை நம்பி முந்தியவர் நோன்பைப் பகலிலேயே முறித்தவராகிறார்.

சாரல் நாளில் கிழக்கும் தெரியாது. பள்ளிவாசல் பாங்கையும் கடிகாரத்தையும்தான் நம்ப வேண்டும். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒரு மேகமூட்ட நாளில் நோன்பு திறந்த பின்னர் சூரியன் வெளிப்பட்டதை அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவித்துள்ளார்கள்; அது புகாரீயில் பதிவாகியுள்ளது. அந்த நோன்பைக் களாச் செய்யும்படி அவர்கள் ஏவப்பட்டார்களா என்று அறிவிப்பாளர் ஹிஷாமிடம் கேட்கப்பட்டபோது, களாச் செய்யாமல் வேறு வழியுண்டா என்றே அவர் திருப்பிக் கேட்டார்.