இருபக்கப் பொதி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், சீட்டுக்கு உறை தைக்கும் ஒரு கடையில், 2014-ஆம் ஆண்டு ஒரு மத்தியானம் இந்தப் பை பிறந்தது. பக்கத்துக் கடையில் தொங்கிய கம்பெனிப் பைகளின் விலையைக் கேட்டு மிரண்டு வந்திருந்தேன். "ஒரு சேடில் பேக் தச்சுக் குடுங்க பாய்" என்றேன். எத்தனை ஜிப், என்ன கலர் என்று அவர் எதுவும் கேட்கவில்லை. "வண்டி எங்க தம்பி?" என்றார். வண்டி வீட்டில் நின்றது. நான் பஸ்ஸில் வந்திருந்தேன். "மாப்பிள்ள இல்லாம சட்டைக்கு அளவு எடுக்கச் சொல்றீங்களே" என்று சிரித்தார். எனக்கு அவசரம். புல்லட் சீட்டின் அகலத்தைக் கையை விரித்துக் காட்டினேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே துணியை வெட்டினார்.

காக்கி நிறத் தார்ப்பாய்த் துணி. இரண்டு பைகள், ஒவ்வொன்றிலும் பத்துக் கிலோ அரிசி கொட்டலாம். இரண்டையும் இணைக்க, பின்சீட்டுக்குக் குறுக்கே போகும் அகலமான இரண்டு பட்டைகள். ஜிப் வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "மொதல்ல பழுதாகுறதே அதுதான். மண்ணு புகுந்தா ரன்னர் நகராது" என்று சொல்லி, மேல்மூடியும் இரண்டு பக்கிளும் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

அந்த உருவம் புதிதல்ல. மிளகுப் பொதியை இருபுறமும் சமமாகச் சுமந்து போன கழுதைகளையும், சுமந்து சுமந்து அவற்றின் முதுகில் ஏறிய தழும்பையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஒரு பக்கம் கனத்தால் பொதி சரியும், முதுகு புண்ணாகும். மிளகு வணிகர்களுக்குத் தெரிந்த அந்தக் கணக்குதான் மோட்டார் சைக்கிளுக்கும். சுமை தாழ இருக்க வேண்டும், வண்டியின் நடுவை ஒட்டி இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். பின்சீட்டில் மூட்டையைக் கோபுரமாகக் கட்டினால் நேர்ச்சாலையில் தெரியாது. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போதும், நிறுத்திக் காலை ஊன்றும்போதும் தெரியும். முதுகுப்பையோ முதல் நாள் சௌகரியம், இரண்டாம் நாள் தோள்வலி. அலுமினியப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, மழைக்கும் கவலையில்லை. ஆனால் பெட்டியே கனம், வண்டியும் அகலமாகிவிடும். சேற்றில் சரிந்தால் கால் அதற்கடியில் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. துணிப்பை விழுந்தால் நசுங்கும், அவ்வளவுதான்.

பையின் முதல் பயணம் கொல்லிமலை. காரவள்ளியில் தொடங்கி மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். தண்ணீர் பாட்டில், ஷூ, கருவிப்பை என்று கனமானதெல்லாம் வலது பக்கம் போட்டிருந்தேன். இடது பக்கம் வெறும் துணி. முப்பதாவது வளைவு தாண்டியிருக்கும், ரப்பர் கருகும் வாடை. பிரேக் ஷூவோ என்று பதறி ஓரம் கட்டினேன். வலது பை சரிந்து சைலன்சர் மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அளவு ஓட்டை. உள்ளே இருந்த பனியன் உருகிய தார்ப்பாயோடு ஒட்டி, பிரிக்க முடியாமல் கிடந்தது.

அன்று உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. இடது பக்கம் பையைத் தாங்கப் புடவைக் கார்டு இருக்கிறது. பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. புடவைக்காக வைத்த கம்பி பைக்கும் காவல். வலது பக்கம் அப்படி ஒன்றுமில்லை, சைலன்சர்தான் இருக்கிறது. வண்டியைக் கொண்டுபோயிருந்தால் பாய் அதைப் பார்த்தவுடனேயே சொல்லியிருப்பார்.

மலையை விட்டு இறங்கியதும் நாமக்கல். லாரிகளுக்கு பாடி கட்டும் ஊர். பட்டறைக்கும் தார்ப்பாய்க்கும் அங்கே பஞ்சமா? லாரித் தார்ப்பாய் தைக்கும் ஒருவர் தரையில் சப்பணமிட்டபடி, தடித்த ஊசியில் மெழுகு நூல் கோத்து, பச்சை நிறத் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுப் போட்டார். காக்கிக்குப் பச்சை பொருந்தாதே என்று நான் இழுத்தேன். "ஓட்டை தெரியறதுக்கு ஒட்டு தெரிஞ்சா தேவலைங்க" என்றார். அடுத்த பட்டறையில் வெல்டர் இரும்புக் கம்பியை வளைத்து, சைலன்சருக்கும் பைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி நிற்கும்படி ஒரு ஸ்டே அடித்துக் கொடுத்தார். சென்னையில் பிறந்த பை நாமக்கல்லில்தான் முழுசானது.

2016 ஜூலையில் அது லடாக் போனது. டெல்லி வரை ரயில் பார்சல். பெட்ரோலை வடித்து, வண்டியைச் சாக்கில் சுற்றித்தான் ஏற்றுவார்கள். பை மட்டும் என்னோடு பெர்த்துக்கு அடியில். அடல் சுரங்கப்பாதை 2020-ல்தான் திறந்தது; அதனால் மணாலியிலிருந்து 3,978 மீட்டர் ரோத்தங் கணவாயை ஏறி இறங்கியே போக வேண்டியிருந்தது. அதைத் தாண்டினால் தாண்டி என்றே ஒரு ஊர். அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில் என்று அங்கே ஒரு பலகை நின்றது. ஐந்து லிட்டர் கேன் இரண்டு வாங்கினேன். ஒன்று நாமக்கல் ஸ்டேயில், ஒன்று புடவைக் கார்டில், இரண்டும் பைக்கு வெளியே. இந்த முறை தராசுக் கணக்கு தப்பவில்லை.

4,890 மீட்டர் பாரலாச்சா கணவாய்க்குப் பிறகு, சர்ச்சு கூடாரத்தில் பையைத் திறந்தால் துணியெல்லாம் ஷாம்பு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கீழே மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து, உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். பக்கத்திலேயே இருந்த தேங்காய் எண்ணெய் குளிரில் வெள்ளைக் கட்டியாக உறைந்து, சொட்டுச் சிந்தாமல் சாதுவாக இருந்தது.

மறுநாள் ஓடைகள். பனி உருகும் தண்ணீர் மத்தியானத்துக்கு மேல் பெருகிவிடும். ஒன்றில் பையின் அடிப்பாகம் முங்கியே போனது. தார்ப்பாய் ஒழுகவில்லை, தையல் ஒழுகியது. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வாசல். அதனால்தான் முழுக்க நீர் புகாத பைகளைத் தைக்காமல், சூட்டில் ஒட்டி, வாயைச் சுருட்டி மூடுகிற மாதிரி செய்கிறார்கள். லே போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தோன்றிய வழி மலிவானது: மளிகைக் கடையில் சர்க்கரை மூட்டைக்குள் வரும் பெரிய பிளாஸ்டிக் உறை. பையொன்றுக்கு ஓர் உறை. இன்றுவரை அதே ஏற்பாடுதான்.

இப்போது பையில் ஐந்து ஒட்டுகள். பச்சை நாமக்கல்லுடையது, லேயில் செருப்புத் தைப்பவர் போட்டது பழுப்புத் தோல், மற்ற மூன்றும் உள்ளூர்ப் பயணங்களில் விழுந்தவை. ஒரு பக்கிள் உடைந்து, அந்த இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு இருக்கிறது. எந்த ஊரிலும் ஐம்பது, நூறு ரூபாய்க்கு மேல் செலவானதில்லை. பை பழுதாகி எந்தப் பயணமும் நின்றதுமில்லை.

நீங்கள் பை வாங்கப் போவதென்றால் தயவுசெய்து வண்டியோடு போங்கள். பையை நிரப்பி வண்டியில் போட்டு, சைலன்சர் பக்கம் நாலு விரல் நுழைகிறதா, மறுபக்கம் சக்கரத்தில் படாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பின்சீட்டில் ஒருவரை ஏற்றி, ஒரு வேகத்தடை தாண்டி, இறங்கி மறுபடியும் பாருங்கள். நாலு விரல் இடைவெளி அப்போதும் இருந்தால் காசைக் கொடுங்கள்.