சயாம் ரயில் பாதையில் அலைவது யார்?

ஆடி அமாவாசை நெருங்குது. அதனால இதை எழுதுறோம், பொறுமையா படிங்க.

தாய்லாந்து காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போயிட்டு வர்ற நம்ம பிள்ளைங்க, "ஹெல்ஃபயர் பாஸ்ல பேய் இருக்கு. ராத்திரியில பாறை உடைக்கிற சத்தம் கேக்குமாம், தீப்பந்தம் தெரியுமாம்"னு சொல்றாங்க. அதைச் சுரங்கம்னு நினைக்கிறவங்களும் உண்டு. உண்மையில் அது மலைப்பாறையை வெட்டிப் பிளந்து போட்ட ரயில் பாதை. ஆழமான இடத்தில் சுமார் 25 மீட்டர். 1943-ல் இராப்பகலா அங்கே வேலை வாங்கினார்கள். தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமா ஆட்கள் பாறை உடைத்தது நரகம் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். போருக்குப் பிறகு பாதையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. இப்போ நாம் தோக் வரைக்கும்தான் ரயில் ஓடுது.

சயாம்-பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்னு போச்சு, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. "சில மாசம்தான் வேலை, நல்ல சம்பளம்"னு ஆசை காட்டினார்கள். வராதவர்களைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். சரக்கு வண்டியில் அடைத்து, பாடாங் பெசார் தாண்டி பான் போங்கில் இறக்கி, காட்டுக்குள் நடக்க வைத்தார்கள். மலாயாவிலிருந்து போனது சுமார் 75,000 பேர், பெரும்பாலும் நம்ம தமிழர்கள்.

வெள்ளைக்காரக் கைதிகளும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஆனால் அவர்களோடு சொந்த டாக்டர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், கணக்கு எழுதி வைத்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேருக்கு இடம் இருக்கு. நம்மவர்களுக்கு டாக்டரும் இல்லை, பேர் எழுத ஆளும் இல்லை. காலரா வந்தபோது கொத்துக்கொத்தாகச் செத்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், இல்லைன்னா எரித்தார்கள். கொள்ளி போட மகன் பக்கத்தில் இல்லை. காரியம், கருமாதி எதுவும் நடக்கலை.

இப்போ சொல்லுங்க, அங்கே யாராவது அலைஞ்சா அது பேயா? நம்ம தாத்தா, பெரியப்பா, மாமன் இல்லையா? எள்ளும் தண்ணியும் கேட்டு நிக்கிறவங்களைப் பார்த்து நாம பயந்து ஓடலாமா?

உங்க வீட்டில் "சயாமுக்குப் போனார், திரும்பலை"னு யாரைப் பத்தியாவது பேச்சு இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே பேரையும் தோட்டத்தின் பேரையும் கேட்டு எழுதி வைங்க. ஆடி அமாவாசை அன்னைக்குத் தர்ப்பணத்தில் அந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. பேர் தெரியாதவங்க, "சயாமில் மாண்ட எங்கள் முன்னோர்"னு சொல்லி ஒரு விளக்கு ஏத்துங்க. அது போதும்.

வேலும் மயிலும் துணை.