மலை ஜீப்பும் பிக்கப்பும்: கம்பம் பள்ளத்தாக்கின் சுமை வண்டிகள்

மலை ஜீப்பும் அதன் வழிவந்த பிக்கப்பும் தேனி மாவட்டத்தின் மலைப்பாதைகளில் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் வண்டிகள். ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் வட்டாரங்களில் ஏலத்தோட்ட வேலை, காய்கறி வாணிபம், மலையூர்ப் போக்குவரத்து ஆகிய மூன்றும் இவற்றை நம்பி நடக்கின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பில் தொடங்கும் இவற்றின் வரலாறு, இந்தியாவில் பெரும்பாலும் மஹிந்திரா நிறுவனத்தின் வரலாறாகவே வளர்ந்தது. ஆள், மூட்டை, உரம், விறகு என அனைத்தையும் சுமந்த ஒரே வண்டி, எழுபது ஆண்டுகளில் ஆளுக்கு ஒன்றாகவும் சரக்குக்கு ஒன்றாகவும் பிரிந்தது. அந்தப் பிரிவே இந்த வரலாற்றின் மையம்.

நிலமும் தேவையும்

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலையும் தென்கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் நிற்கின்றன. மதுரையிலிருந்து மேற்கே வரும் சாலை ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து தேனியை அடைகிறது. அங்கிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்கு ஏற மூன்று சாலைகள் உண்டு: போடியிலிருந்து போடிமெட்டு; கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு; கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி. இவற்றுள் போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் சாலையும் இத்தகையதே.

சாலை வருமுன் மலைச்சுமை தலையிலும் கோவேறு கழுதையிலும் இறங்கியது. மூணாறுத் தேயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. பெரிய தோட்டக் கம்பெனிகளால் கம்பிவடம் கட்ட முடிந்தது. சிறு ஏலத்தோட்டக்காரருக்கு அது எட்டாதது. செங்குத்தான மண்பாதையிலும் ஏறி, சில மூட்டைகளைச் சுமந்து, வழியில் பழுதானால் அங்கேயே சரிசெய்யத்தக்க வண்டி அவருக்குத் தேவைப்பட்டது.

வில்லிஸ் வழி

போர்க்கால ஜீப்பில் 2,199 சி.சி. பெட்ரோல் இன்ஜின் இருந்தது. அதன் திறன் 60 குதிரைசக்தி. முன், பின் அச்சுகள் இரண்டுக்கும் விசை செல்லும் நான்கு சக்கர இயக்கமும், ஏற்றத்துக்கான தனிக் குறைவேக கியரும் அதன் சிறப்புகள். போர் முடிந்ததும் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் அதை உழவருக்கான சிஜே வகையாக விற்கத் தொடங்கியது.

1945இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா அண்டு முகமது நிறுவனம், நாட்டுப் பிரிவினைக்குப் பின் 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறியது. பிரித்து இறக்குமதியான பாகங்களைக் கொண்டு பம்பாயில் ஜீப்புகளைக் கோத்த அந்நிறுவனம், 1950களின் நடுவில் உரிமம் பெற்று உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியது.

இந்தியச் சாலைகளில் நீண்ட காலம் ஓடியது சிஜே-3பி. புதிய இன்ஜின் பழையதைவிட உயரமாக இருந்ததால் அதன் முன்மூடி மேலெழுந்து நின்றது; உயர்ந்த முகப்பு இதன் அடையாளமாயிற்று. இரு அச்சுகளுக்கும் இடையிலான நீளம் 80 அங்குலமே. அமெரிக்காவில் 1968இல் இதன் தயாரிப்பு நின்ற பிறகும் இந்தியாவில் பல ஆண்டுகள் தொடர்ந்தது. தாசில்தார், வட்டார வளர்ச்சி அலுவலர், காவல்துறை, வனத்துறை ஆகியோருக்கு அரசு வாங்கிய ஜீப்புகள் வயதானதும் ஏலத்துக்கு வந்தன. அவ்வாறு கைமாறிய வண்டிகள் மலைப்பாதைகளில் இரண்டாவது ஆயுளைக் கண்டன.

டீசல் தலைமுறை

பெட்ரோல் ஜீப் ஏற்றத்தில் எரிபொருளை அதிகம் குடித்தது. வாடகைக்கு ஓட்டுவோருக்குக் கட்டுபடியாகும் வண்டி என்றால் அது டீசல் வண்டியாக இருக்க வேண்டியிருந்தது. 1970களில் டிராக்டர் வகை டீசல் இன்ஜின் பொருத்திய ஜீப்புகளை மஹிந்திரா வெளியிட்டது. ஒலியும் அதிர்வும் மிகுந்திருந்தாலும், குறைந்த வேகத்தில் அவற்றின் இழுவிசை பலமாக இருந்தது. மலை ஏற்றத்துக்கு வேண்டியதும் அதுவே.

1979இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் அடுத்த திருப்பம். அதன்வழி வந்த 2,112 சி.சி. டீசல் இன்ஜினைக் கொண்டு 1985இல் எம்எம்-540 வெளிவந்தது. அச்சு இடைவெளி 91 அங்குலமாக நீண்டதால் பின்பகுதியில் எதிரெதிரே இரு பெஞ்சுகள் போட இடம் கிடைத்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் ஜீப்புகளுக்குப் பட்டறைகளில் டீசல் இன்ஜின் மாற்றிப் பொருத்தும் வழக்கமும் பரவியது. ஒரே சட்டத்தில் இரண்டாம், மூன்றாம் இன்ஜின் கண்ட ஜீப்புகள் இப்படி உருவாயின.

கமாண்டரும் தோட்ட ஜீப்பும்

1990களில் ஜீப்பின் உடல் மேலும் நீண்டது. கமாண்டர், மார்ஷல், 1993இல் வந்த அர்மடா ஆகியவை ஆள் ஏற்றுவதற்கென்றே வடிவமைந்தவை. இவற்றில் கமாண்டர் மலைத்தடத்துக்கு மிகப் பொருந்தியது. மேலே படுதா, பக்கவாட்டில் நீள இருக்கைகள், பின்னால் ஏறி இறங்கத் திறப்பு என்ற எளிய அமைப்பு அது. பழைய குட்டை ஜீப்பின் அளவை விரும்பியவர்களுக்கு மேஜர் என்ற வகை 2010 அளவு வரை கிடைத்தது.

இக்காலத்தில் ‘தோட்ட ஜீப்’ என்ற சொல்லும் தொழிலும் நிலைபெற்றன. தேவாரம், கோம்பை, போடி, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், உடும்பன்சோலை, நெடுங்கண்டம், பூப்பாறை, வண்டன்மேடு வட்டாரங்களின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். விடியுமுன்பே தெருமுனைக்கு ஜீப் வந்து நிற்கும். மடியில் தூக்குவாளி, தோளில் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள் என்று அவர்கள் ஏறியமர்வார்கள். வெளிச்சம் பரவும்போது வண்டி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும். மாலையில் அதே வண்டி அவர்களை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும். டி.என். 60 என்ற தேனிப் பதிவெண்ணும் கே.எல். முன்னெழுத்துள்ள கேரளப் பதிவெண்களும் ஒரே தோட்டப் பாதையில் எதிரெதிரே வருவது அன்றாடக் காட்சி. உலகின் முக்கிய ஏலக்காய்ப் பகுதிகளுள் ஒன்றான இம்மலையின் விளைச்சல், இந்தப் பயணத்தைச் சார்ந்தே உள்ளது.

பிக்கப்பின் எழுச்சி

ஜீப்பின் பின்பகுதியைத் திறந்த தொட்டியாக மாற்றிய சுமை வண்டிகள் முன்பே இருந்தன. இருக்கையை இன்ஜின் மேலே அமைத்த எஃப்சி-150 வகையை மஹிந்திரா 1960களிலேயே தயாரித்தது. டாட்டாவின் 206 பிக்கப் 1988இல் வந்தது. அதைத் தொடர்ந்த 207 தமிழகச் சந்தைகளில் பரவலாக ஓடியது.

2000ஆம் ஆண்டில் அறிமுகமான பொலீரோ, ஜீப் வழிவந்த சட்டத்தின் மீது மூடிய உடலைக் கொண்டது. அதே குடும்பத்தில் பிறந்தது பொலீரோ பிக்கப். இரட்டை அறை கொண்ட கேம்பர் வகையும் உடன் வந்தது. 2,523 சி.சி. டீசல் இன்ஜின், முன்னே ஓட்டுநர் அறை, பின்னே சுமைத்தொட்டி என்ற அமைப்பால் ஜீப்பின் சரக்கு வேலை இதற்கு மாறியது.

அடுத்தடுத்து வந்த வண்டிகள் இந்த வகையை மேலும் பிரித்தன. 2005இல் வந்த டாட்டா ஏஸ், 702 சி.சி. இரட்டைச் சிலிண்டர் இன்ஜினுடன் ஊருக்குள் சிறு சுமைக்கு நிலைபெற்றது. ‘குட்டி யானை’ என்று தமிழர் அதற்கு வைத்த பெயர், அதன் வகை வண்டிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. 2011இல் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் தோஸ்த் வெளிவந்தது. 2022இல் அறிமுகமான பொலீரோ மேக்ஸ் பிக்கப் வரிசை அடுத்த ஆண்டில் விரிவாக்கப்பட்டது, அதில் 1.3 டன் முதல் 2 டன் வரை ஏற்றும் வகைகளும் 3,050 மில்லிமீட்டர் வரை நீண்ட தொட்டிகளும் உள்ளன.

கம்பம் திராட்சை, சின்னமனூர் வாழை, ஆண்டிபட்டி வட்டாரத் தக்காளி, கடமலைக்குண்டு, வருசநாட்டு இலவம்பஞ்சு, மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டை ஆகியவற்றின் முதற்கட்டப் பயணம் பெரும்பாலும் பிக்கப்பில்தான். லாரி நுழைய முடியாத தோட்டத்து வரப்போரம் வரை இது செல்லும். தொட்டியின் பக்கத்தட்டுகளை இறக்கிவிட்டால் மூன்று பக்கமும் நின்று பெட்டி அடுக்கலாம். தக்காளிப் பெட்டிகளை வரிசை மாற்றி அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றைத் தொட்டியின் கொக்கிகளில் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுவது தனிக் கைப்பழக்கம். கயிறு தளர்ந்தால் முதல் வளைவிலேயே சுமை சரியும்.

மாறாத அமைப்பு

தலைமுறைகள் மாறினாலும் சில கூறுகள் நிலைத்துள்ளன. முதலாவது ஏணி வடிவ இரும்புச் சட்டம். இன்ஜின், அச்சு, தொட்டி மூன்றையும் அதுவே தாங்குவதால் குழிகளில் வண்டி முறுக்கப்பட்டாலும் உடலில் எளிதில் விரிசல் விழுவதில்லை. இரண்டாவது பின்சக்கரங்களின் மேல் அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள். சுமை கூடக் கூடப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி விறைப்பு கூடும். ஒரு பட்டை முறிந்தால் அதை மட்டும் மாற்றலாம். அதே பட்டைகளால்தான் வெற்று வண்டி மேடுபள்ளத்தில் தூக்கிப் போடுகிறது.

மூன்றாவது பின்சக்கர இயக்கம். சுமை பின் அச்சின் மேல் அழுத்துவதால் ஏற்றத்தில் சக்கரம் தரையை இறுகப் பற்றுகிறது. சுமையற்ற பிக்கப் ஈர மண்ணில் வழுக்குவதற்கும் இதுவே காரணம். நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய ஜீப்புகள் மழைக்காலத் தோட்டப் பாதைகளில் இன்றும் மதிப்பிழக்காததும் இதனால்தான்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புவது ஆபத்தானது. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை ஓட்டுநர்களின் விதி. இன்ஜினின் இழுப்பே வேகத்தைக் கட்டுப்படுத்த, வளைவில் மட்டும் பிரேக் தொடப்படுகிறது. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவதும் இத்தடங்களின் முறை.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் இன்ஜினை மாற்றின. மின்னணுக் கட்டுப்பாடும் புகைச் சுத்திகரிப்பு அமைப்பும் வந்ததால் புகையும் நச்சுவாயுவும் குறைந்தன. ஸ்பேனரும் காதும் கொண்டு பழுதறிந்த மெக்கானிக்குக் கணினிக் கருவியும் இன்று தேவைப்படுகிறது.

சுமையும் பாதுகாப்பும்

ஜீப் ஆளையும் சரக்கையும் ஒன்றாகச் சுமந்த பழக்கத்தின் கேடான மிச்சம், அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது. தோட்ட ஜீப்புகள் கவிழ்ந்து தொழிலாளர்கள் உயிரிழந்த விபத்துகள் இம்மலையில் பலமுறை நிகழ்ந்துள்ளன. கூடுதல் ஆட்களால் வண்டியின் எடைமையம் உயர்கிறது. வளைவில் அது வெளிப்புறம் சாய்கிறது. பக்கவாட்டு இருக்கையில் பிடிமானமும் குறைவு. பிக்கப்பின் தொட்டியில் ஆட்களை ஏற்றுவது இன்னும் ஆபத்தானது. சரக்கு வண்டியில் பயணிகளை ஏற்றிச் செல்வதை மோட்டார் வாகனச் சட்டமும் விதிகளும் தடுக்கின்றன. விடியற்காலைப் பேருந்து வசதியும், அனுமதித்த எண்ணிக்கையோடு இரு முறை ஓடினாலும் கட்டுபடியாகும் வாடகையும் இல்லாதவரை, தணிக்கையால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. கூலிக்குச் செல்லும் பெண்களின் உயிர், ஒரு நடைச் செலவைவிட மதிப்பு மிக்கது.

இன்றைய பயன்பாடு

2010இல் வந்த தார், 2020இல் புது வடிவம் பெற்று, ஜீப்பின் தோற்றத்தைச் சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டியாக மாற்றியது. சரக்கு பிக்கப்புக்குச் சென்றுவிட்டது. பழைய கமாண்டரும் மேஜரும் தோட்டத் தொழிலாளர் பயணத்திலும் சுற்றுலாவிலும் நீடிக்கின்றன. தேனி மாவட்ட எல்லைக்குள் 2,000 மீட்டருக்கும் மேல் அமைந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து செல்லும் கற்பாதையில் சூரிய உதயம் காண வருவோரை ஏற்றிச் செல்பவை ஜீப்புகளே. 2022இல் தேனி வரையும் 2023இல் போடி வரையும் அகலப்பாதை ரயில் வந்துவிட்டது. அந்த நிலையங்களிலிருந்து மலையூர்களுக்குச் செல்லும் கடைசிச் சில கிலோமீட்டர்களை ஜீப்பும் பிக்கப்புமே கடக்கின்றன.