கான்டாக்ட் லென்ஸில் நுண்ணுயிர்க்கொல்லி நானோ பூச்சு

கான்டாக்ட் லென்ஸின் பரப்பில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒட்டிப் பெருகாதபடி வெள்ளி, துத்தநாக ஆக்சைடு, தாமிரம் முதலியவற்றின் நுண்துகள்களைப் பதித்து உருவாக்கப்படும் படலம். துகள்களின் அளவு பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை இருக்கும். ஆய்வகங்களில் நீண்ட காலமாகச் சோதிக்கப்பட்டும் இந்த லென்ஸ்கள் இன்னும் அன்றாடப் பயன்பாட்டில் பரவவில்லை.

நலமான கண் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. கண்ணீரிலுள்ள லைசோசைம், லாக்டோஃபெரின் என்ற புரதங்கள் கிருமிகளை எதிர்க்கின்றன. இமைக்கும்போதெல்லாம் கண்ணீர் அவற்றை அடித்துச் செல்கிறது. லென்ஸ் அணிந்தால் அதற்கும் கருவிழிக்கும் இடையே கண்ணீரின் ஓட்டம் தடைப்படுகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா லென்ஸில் எளிதாக ஒட்டி, தன்னைச் சுற்றிப் பசைபோன்ற உயிர்ப்படலத்தை உருவாக்கிக்கொள்கிறது. அதற்குள் இருக்கும் கிருமியைக் கழுவும் திரவத்தால் எளிதில் கொல்ல முடியாது. இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் கருவிழிப் புண் ஓரிரு நாளிலேயே பார்வையைப் பாதிக்கும் அளவுக்கு முற்றக்கூடும். ஆறினாலும் தழும்பு நிற்கும்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வின்படி, மென் லென்ஸைப் பகலில் மட்டும் அணிபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஏறத்தாழ 4 பேருக்கும், உறங்கும்போதும் அணிபவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கும் கருவிழிப் புண் ஏற்பட்டது. ஆக்சிஜன் குறைவதே முதன்மைக் காரணம் என்று அப்போது பலரும் கருதினர். 1999 வாக்கில் ஆக்சிஜனைத் தாராளமாக விடும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் வந்தன. இரவிலும் அணிபவர்களின் தொற்று விகிதம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. லென்ஸின் பரப்பையே மாற்றும் முயற்சிகளுக்கு இந்த ஏமாற்றம் வலுவூட்டியது.

வெள்ளி கண்ணுக்குப் புதிதன்று. 1880-களின் தொடக்கத்தில் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டுக் கொனோரியாத் தொற்றால் வரும் பார்வையிழப்பைப் பெருமளவு குறைத்தார். நானோ துகளிலிருந்து மெல்லக் கசியும் வெள்ளி அயனிகள், பாக்டீரியாவின் புரதங்களிலுள்ள கந்தகத் தொகுதிகளோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன, செல்சவ்வும் சிதைகிறது. பல இடங்களை ஒரே நேரத்தில் தாக்குவதால், ஒரே இலக்கைத் தாக்கும் ஆன்டிபயாடிக்கைவிட இதற்கு எதிர்ப்புத்திறன் உருவாவது கடினம். ஆனாலும் வெள்ளியைத் தாங்கும் பாக்டீரியாக்களும் உண்டு.

துகள்களை லென்ஸில் சேர்க்கும் வழிகள் பல: லென்ஸ் செய்யும் ஹைட்ரோஜெல் உறையும் முன் அதில் கலத்தல், எதிரெதிர் மின்னூட்டப் படலங்களை அடுக்குதல், மீயொலியால் பதித்தல். உள்ளே கலந்தால் துகளில் பெரும்பகுதி கிருமியைத் தொடாமலே கிடக்கும். மேலே பூசினால் விரலால் தேய்த்துக் கழுவும்போது உரியக்கூடும். துகள்கள் திரண்டால் ஒளி சிதறிப் பார்வை மங்கும். வெள்ளி நானோ துகள் 400 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதால் லென்ஸுக்கு மஞ்சள் சாயல் ஏறுகிறது. நீண்ட நாள் வெள்ளி படிந்தால் விழிவெண்படலமும் கருவிழியும் நிறம் மாறும் ஆர்ஜைரோசிஸ் என்ற நிலை உண்டாகலாம். எல்லாவற்றையும்விடக் கடினமானது அளவுதான்: பாக்டீரியாவைக் கொல்லும் செறிவு கருவிழியின் மேலடுக்குச் செல்களையும் கொல்லத் தொடங்கிவிடக் கூடாது.

லென்ஸ் வைக்கும் டப்பாவில் இந்த இடர் குறைவு. வெள்ளி கலந்த டப்பாக்கள் 2000-களிலேயே விற்பனைக்கு வந்தன. கிருமிகள் பெருகும் முக்கிய இடங்களுள் டப்பாவும் ஒன்று என்பதால் இது பொருத்தமான தொடக்கமே.

ஆய்வகத்தில் கிருமி சாவதை மட்டும் வைத்து எந்தப் பூச்சையும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. கழுவும் திரவம் ஒன்றின் கதையே இதற்கு எச்சரிக்கை: 2005–06-இல் லென்ஸ் அணிபவர்களிடையே ஃபியூசேரியம் பூஞ்சைத் தொற்று பரவியது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. அதோடு தொடர்புபடுத்தப்பட்ட ‘ரெனு வித் மாய்ஸ்சர்லாக்’ என்ற கழுவும் திரவத்தை பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் 2006 மே மாதம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. குழாய்நீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி இன்னொரு சவால். அதன் தடித்த சுவருள்ள கூட்டுநிலை (சிஸ்ட்) பல கிருமிநாசினிகளைத் தாங்கி நிற்கும்.

மனிதரிடம் நிரூபிப்பதும் எளிதன்று. பத்தாயிரத்தில் சிலருக்கே வரும் நோய் பாதியாகக் குறைந்தது என்று காட்டப் பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். ஆகவே ஆய்வாளர்கள் கருவிழியில் வெள்ளணுக்கள் திரளும் சிறு அழற்சிகளை எண்ணி மதிப்பிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மெல்4 என்ற பெப்டைடு பூச்சு இவ்வாறு சோதிக்கப்பட்டது. அது உலோகத் துகள் அன்று. லென்ஸோடு வேதிப்பிணைப்பால் இணைவதால் கசிவதில்லை. நானோ துகளுக்கு வலுவான மாற்றுகளுள் இதுவும் ஒன்று.

கண்ணில் ஒரு பொருளைக் கசியவிடும் லென்ஸுக்கு முன்மாதிரி உண்டு: ஒவ்வாமை அரிப்புக்கான கீட்டோடிஃபென் மருந்தை வெளியிடும் லென்ஸுக்கு 2022-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அது ஒரே நாளில் எறிந்துவிடும் லென்ஸ்; பூச்சு அத்தகைய லென்ஸில் ஒரு நாள் நிலைத்தால் போதும். ஆனால் டப்பாவே தேவைப்படாத ஒருநாள் லென்ஸைவிட, மாதக்கணக்கில் கழுவி அணியும் லென்ஸுக்கும் உறக்கத்திலும் அணியும் லென்ஸுக்குமே இந்தப் பூச்சு கூடுதலாகத் தேவை. அங்கே அது பல வாரத் தேய்ப்பையும் திரவங்களையும் தாங்கியாக வேண்டும்.