வேரைத் தேடிய இசைமேதை

பங்கு அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்க்க வருவோரிடம் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. பாட்டனார் பெயரைச் சொல்வோர் பலர். பூட்டனார் பெயரைச் சொல்வோர் சிலர். அதற்கு மேல் அறிந்தோர் அரியர். இந்த ஜூபிலி ஆண்டில், தம் குலமுறையைத் தாமே எழுதிவைத்த ஒருவரை நினைவுகூர்வோம். அவரே ஜெர்மானிய இசைமேதை யோகான் செபஸ்தியான் பாக். அவர் லூத்தரன் சபையினர். அவரது இசையோ கிறிஸ்தவ உலகம் முழுவதற்கும் பொதுச் சொத்து.

1735-ஆம் ஆண்டில், தமது 50-ஆம் வயதில், இசைவாணரான தம் குடும்பத்தாரின் வரலாற்றை அவர் தொகுத்தார். அதில் 53 பேர் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டுள்ளனர்.

முதல் எண் ஃபைட் பாக். இவர் ஹங்கேரியில் ரொட்டி சுடும் தொழில் செய்தவர். தம் விசுவாசத்தின் பொருட்டு அந்நாட்டை விட்டு வெளியேறி, துரிங்கியாவில் வெக்மார் என்னும் சிற்றூரில் குடியேறினார். மாவு அரைக்கும்போதும் சிறு நரம்புக் கருவி ஒன்றை உடன் வைத்து மீட்டுவாராம். ஆலையின் ஓசையே அவருக்குத் தாளம்! அவர் மகன் ஹான்ஸ் இசையைத் தொழிலாகவே கற்றார், 1626-இல் இறந்தார். ஹான்ஸின் மகன் கிறிஸ்தோஃப் (1613–1661). அவர் மகன் அம்புரோசியுஸ் (1645–1695), ஐசநாக் நகர இசைஞர். இந்த அம்புரோசியுஸின் கடைசி மகனே 1685-இல் பிறந்த நம் செபஸ்தியான்.

தாய் 1694-லும் தந்தை 1695-லும் இறக்க, பத்து வயதுக்குள் அவர் அநாதையானார். மூத்த அண்ணன் வீட்டில் வளர்ந்தார். முன்னோர் கதையை மடியில் அமர்த்திச் சொல்லப் பெற்றோர் இல்லாத பிள்ளைதான், பின்னாளில் அக்கதையைத் தம் பிள்ளைகளுக்காகத் தேடி எழுதினார்.

ஆனால் ஒரு குறை. எண் பெற்ற 53 பேரும் ஆண்களே. அவரைப் பெற்ற அன்னை எலிசபெத் லெம்மர்ஹிர்ட், கணவருடைய குறிப்பினுள் மட்டுமே வருகிறார். அவர் கைப்பட எழுதிய மூலமோ இன்று இல்லை. நமக்குக் கிடைத்துள்ள முக்கியப் படியை எழுதியவர் யார் தெரியுமா? அவர் மகன் எம்மானுவேலின் மகள், அன்னா கரோலினா! எண் பெறாத பேத்தியின் கையே, எண் பெற்ற பாட்டனார்களைக் காத்தது.

புனித மத்தேயுவோ ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் தாமார், இராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரையும் குறித்தபின்னரே மரியன்னையிடம் வருகிறார்.

அன்புள்ள பங்கு மக்களே! இன்றே ஒரு குறிப்பேட்டை எடுங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். பாட்டனாரோடு பாட்டியின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், அவருடைய தாயின் பெயரையும் எழுதுங்கள். கேட்க வேண்டியவர் கண் மூடிய பின்னர், எந்தப் பதிவேடும் முழுவதையும் நமக்குச் சொல்லாது.